ஒளிப்பதற்கு ஒன்றுமில்லையாம்!

“எம்மிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? பார்ப்பவன் பார்த்துவிட்டுப் போகட்டுமே!”

கிளிநொச்சிப் பொதுச் சந்தையிலே இந்தப் பேச்சைக் கேட்கலாம். வவுனியாப் பேருந்து நிலையத்திலே கேட்கலாம். முள்ளியவளைத் தேநீர்க்கடை வாங்கிலும் கேட்கலாம். படித்த உத்தியோகத்தரும் இதையே சொல்கிறார். முத்தையன்கட்டு நீரிலே நெல் விளைவிக்கும் கமக்காரரும் இதையே சொல்கிறார். கைத்தொலைபேசியிலே புதிய செயலி ஒன்றை இறக்குகிறார்கள். “உன் தொடர்பிலக்கங்களைத் தா, உன் நிழற்படங்களைத் தா, நீ நிற்கும் இடத்தைச் சொல், உன் ஒலிவாங்கியைத் திற” என்று அது கேட்கிறது. மறுபேச்சின்றிச் சம்மதப் பொத்தானைத் தட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால் மேற்படி பெருமொழி பிறக்கிறது!

வேறெந்த நாட்டவன் இதைச் சொன்னாலும் பொறுக்கலாம். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டிலே அச்சமின்றி உறங்கி எழுந்தவன், இரவிலே கதவைத் தட்டுபவன் அயலவனாகத்தான் இருப்பான் என்று நம்பி வாழ்பவன் சொல்லட்டும். வன்னி மண்ணிலே பிறந்து, அதே மண்ணிலே பத்துத் தடவை பாயும் பானையுமாக இடம்பெயர்ந்து, “பதிவு” என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதைத்த மக்கள் சொல்லலாமா? அதற்குள் இத்தனை மறதியா?

நினைவுபடுத்துவோம். 2009ஆம் ஆண்டு, செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களின் முட்கம்பி வேலிகளுக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள் அடைக்கப்பட்டார்கள். அங்கே சோற்றுக்கு முன் பதிவு; தண்ணீருக்கு முன் பதிவு; காணாமற்போன பிள்ளையைத் தேடுவதற்கும் பதிவு! மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. அதற்கிடையில் மீளக்குடியேறியவர்களை மட்டும் விட்டார்களா? 2011ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் வீடு வீடாகக் குடும்ப விவரம் பதியத் தொடங்கினர். யார் யார் இருக்கிறார்கள், என்ன தொழில், எங்கே உறவினர் என்றெல்லாம் படிவம். போதாக்குறைக்குக் குடும்ப நிழற்படமும் வேண்டுமாம்! தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். அவ்வாண்டு மார்ச்சிலே, அந்தப் பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு உறுதி கூற வேண்டியதாயிற்று.

அன்று அந்தப் படிவத்தைக் கண்டு “எம்மிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று எவரேனும் சொன்னார்களா? இல்லை. ஒளிப்பதற்கு ஏதும் இருந்ததனாலா? அதுவுமில்லை. உள்ளதெல்லாம் இழந்து வந்தவனிடம் ஒளிக்க என்ன இருக்கும்? ஆனால் அவனுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. விவரம் குற்றமற்றதா என்பதன்று கேள்வி. அது எவன் கையிலே இருக்கிறது, நாளை அவன் மனம் எப்படி மாறும் என்பதே கேள்வி. எழுத்தறியாத மூதாட்டிக்கும் விளங்கிய இந்த அரசியல், பட்டதாரிப் பேரனுக்கு இன்று விளங்கவில்லை!

வாக்காளர் இடாப்பைப் பாருங்கள். அதைவிடக் குற்றமற்ற ஏடு உண்டா? குடிமகனுக்கு வாக்குரிமை தருவதற்காக எழுதப்பட்டது. 1983 ஆடியிலே கொழும்பில் அதே இடாப்பைக் கையிலேந்திய காடையர் தமிழர் வீடு எது, கடை எது என்று தேடிச் சென்றார்கள். எழுதியவன் கொலைக்காக எழுதவில்லை. எடுத்தவன் கொலைக்காக எடுத்தான். ஒல்லாந்து நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. செம்மையாகப் பேணப்பட்ட குடிசனப் பதிவேடு நாசிகளின் கையிலே சிக்கியபோது, யூதரைப் பொறுக்கியெடுக்கும் சல்லடையாயிற்று. 1943 மார்ச்சிலே அம்ஸ்ரர்டாம் நகரத்து எதிர்ப்பியக்கத்தார் தம் நாட்டுப் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தாமே தீவைத்தனர். கட்டடத்தின்மீது கோபமா அவர்களுக்கு?

மாற்றான் குறையை மட்டும் பேசிவிட்டு நம் குறையை மூடிவைப்பது நேர்மையாகாது. வன்னியிலே விடுதலைப் புலிகளின் நிர்வாகம் நடந்த காலத்திலும் வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. போரின் கடைசி ஆண்டுகளிலே வீட்டுக்கொருவர் என்று பிள்ளை கேட்டு வந்தபோது, எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்பது வந்தவனுக்கு முன்னரே தெரிந்திருந்தது. அந்த நாட்களிலே மகளை ஒளித்து வைத்த தாயிடம் போய், “ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிப் பாருங்கள்! ஏடு எவன் கையில் இருந்தாலும் ஏடுதான்.

“அதெல்லாம் போர்க்காலம். இது வெறும் செயலி. மின்விளக்குச் செயலியும் விளையாட்டுச் செயலியும் எம்மை என்ன செய்துவிடும்?” என்பார்கள். மின்விளக்குச் செயலிக்கு உங்கள் தொடர்பிலக்கங்கள் எதற்கு? விளக்கு எரிய எண்ணெய் வேண்டும், மின்கலம் வேண்டும். மாமனின் தொலைபேசி இலக்கம் வேண்டுமா? விலை கேட்காமற் பொருள் தருகின்ற வணிகனைக் கண்டால் நம் கமக்காரர் சந்தேகிப்பார். விதைநெல்லை இலவசமாகத் தருகிறேன் என்று வருபவனிடம் ஏன், எதற்கு, அறுவடையில் என்ன கேட்பாய் என்று நூறு கேள்வி கேட்பார். செயலிக்காரனிடம் மட்டும் ஒரு கேள்வியும் இல்லை! இலவசச் செயலியிலே விற்கப்படும் சரக்கு நீங்கள்தாம். நீங்கள் எங்கே போகிறீர்கள், எந்நேரம் உறங்குகிறீர்கள், எதை வாங்க நினைத்து வாங்காமல் விட்டீர்கள் என்பதெல்லாம் விளம்பரக்காரனுக்கு விலைபோகிறது.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். உங்கள் தொலைபேசியிலுள்ள இலக்கங்கள் உங்கள் சொத்தல்ல. உங்களை நம்பி அயலவர் தந்தவை. கணவனை இழந்த தங்கை தந்தவை. கனடாவிலுள்ள மைத்துனர் தந்தவை. நீங்கள் தட்டும் ஒரு பொத்தான் அவர்கள் அத்தனை பேரையும் காட்டிக்கொடுக்கிறது. காட்டிக்கொடுத்தல் என்ற சொல் இந்த மண்ணிலே எத்தனை கனமானது என்பது வாசகர்களுக்குத் தெரியும். தெரிந்தே அதனை எழுதுகிறோம்.

இதன் கொடுமையைக் காண விரும்புவோர் கடன் செயலிகளைப் பார்க்கட்டும். போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் வன்னிக்குள்ளே படையெடுத்து வந்த கதை எல்லோரும் அறிந்ததே. கணவனை இழந்த பெண்களைக் குழுக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தார்கள். கிழமை தோறும் வசூலிக்க வந்தார்கள். தவணை தவறினால் திண்ணையிலே வந்து குந்தினார்கள். இருட்டிய பின்னும் எழும்ப மறுத்தார்கள். தூக்குக் கயிறும் நஞ்சுப் போத்தலும் அந்தக் கடனுக்கு வட்டியாய்ப் போயின. 2018இல், வரட்சியினால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை இரத்துச் செய்வதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது.

திண்ணையிலே குந்திய வசூற்காரனாவது ஒருவன். அவன் முகம் தெரியும். அயல் பெண்கள் கூடிநின்று ஏசினால் தலைகுனிந்து போவான். இன்று அவன் தொலைபேசிக்குள்ளே குந்தியிருக்கிறான். கடன் செயலியை இறக்கியதும் தொடர்பிலக்கம் முழுவதையும் படித்துக்கொள்கிறது, நிழற்படங்களையும் எடுத்துக்கொள்கிறது. ஐயாயிரம் ரூபாத் தவணை ஒரு நாள் பிந்தினால், பள்ளி அதிபருக்கும் மருமகனுக்கும் கோயில் ஐயருக்கும் “இன்னாள் கடன்காரி” என்று செய்தி பறக்கிறது. இந்தியாவிலே இவ்வகைச் செயலிகளால் உயிர்கள் மாய்ந்த பின்னர்தான் 2021 ஜனவரியிலே ரிசர்வ் வங்கி ஆய்வுக்குழு அமைத்தது. கடன் செயலிகள் தொடர்பிலக்கங்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று கூகிள் நிறுவனம் தன் செயலிக் கடையிலே விதி கொண்டுவந்தது 2023 மே மாத இறுதியிலே. கூகிள் கடைக்கு வெளியே, வட்ஸ்அப்பிலே வரும் இணைப்பைத் தட்டி இறக்கும் செயலிக்கு இவ்விதியும் இல்லை. அந்தக் கடனை வாங்கும் பெண்ணிடம் போய் ஒளிப்பதற்கு ஏதுமில்லையா என்று கேளுங்கள். தன் வறுமையை ஊரிடம் ஒளிக்க அவளுக்கு உரிமை இல்லையா?

அடுத்து, சம்மதம் என்கிறார்களே, அது எந்த மொழியிலே பெறப்படுகிறது? 1956இல் அறியாத மொழியை எம்மீது சுமத்தினார்கள் என்று கொதித்தெழுந்த இனம் நாம். தனிச் சிங்களத்திலே வந்த படிவத்தைத் திருப்பியனுப்பிய தந்தையர் நம்மிடையே வாழ்ந்தார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்திலே தமிழும் ஆட்சிமொழி என்று எழுதப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் இன்று என்ன செய்கிறார்கள்? ஐம்பது பக்க ஆங்கில நிபந்தனையை ஒரு வரியும் படியாமற் பெருவிரலால் ஒப்பமிடுகிறார்கள். எழுத்தறியாத பாட்டனார் காணி உறுதியிலே கைநாட்டு வைக்குமுன், படித்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பட்டம் பெற்ற பேரன் அதுவும் செய்வதில்லை. விளங்காத மொழியிலே பெற்ற சம்மதம் சம்மதமாகாது. அதற்கு அடிமைச் சாசனம் என்று பெயர்.

அரசாங்கத்தின் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே நியாயத்தைக் கைவிடாமற் பேசுவோம். 2022 ஜூலையிலே எரிபொருள் அட்டை என்ற கியூ.ஆர். முறை வந்தது. அடையாள அட்டை இலக்கமும் வாகன விவரமும் கொடுத்துப் பதிந்தவனுக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று எண்ணெய் கிடைத்தது. நாட்கணக்காக வரிசையிலே காய்ந்த மக்களுக்கு அது ஆறுதலாக இருந்ததென்பதை மறுப்பவன் பொய்யன். உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் எண்ணெய் பெறுவதிலே கமக்காரர் பட்ட அல்லல் தனிக் கதை. எனினும் முறை நல்ல முறையே. உள்நாட்டு மென்பொருளாளர் குறுகிய காலத்திலே அதை எழுதி முடித்ததும் பாராட்டுக்குரியதே. 2023 செப்டெம்பரிலே அம்முறை கைவிடப்பட்டது. சரி! பதிந்த விவரங்கள் எங்கே போயின? எந்த வாகனம் எந்த நாளில் எந்த நிலையத்திலே எண்ணெய் நிரப்பியது என்ற கணக்கு அழிக்கப்பட்டதா, காக்கப்படுகிறதா, காப்பவர் யார்? இந்தக் கேள்வியை வன்னியிலே எத்தனை பேர் கேட்டோம்? எண்ணெய் கிடைத்ததும் வாய் மூடிக்கொண்டது. பசிக்கு எழுதிக்கொடுத்த சீட்டைப் பசி தீர்ந்தபின் திருப்பிக் கேட்க மறந்தோம்.

இனி வரப்போவது அதைவிடப் பெரிது. கைரேகை, முகம், கண்ணின் கருவிழி மூன்றையும் பதிந்து ஒவ்வொருவருக்கும் ஒரே இலக்கமுறை அடையாளம் வழங்கப் போவதாக அரசாங்கம் சொல்லி வருகிறது. 2022 மார்ச்சிலே இதற்கென இந்திய அரசுடன் உடன்பாடு செய்யப்பட்டது. இந்திய நன்கொடையும் வந்தது. தென்னிலங்கையிலே எழுந்த எதிர்ப்புப் பெரும்பாலும் என்ன? “எங்கள் விவரத்தை இந்தியா கொண்டுபோய்விடும்” என்பதே! இந்தியா கொண்டுபோகுமோ என்று நடுங்குகிறவர்கள், இலங்கை அரசாங்கமே அதை வைத்து என்ன செய்யும் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு அந்த அனுபவம் குறைவு. எமக்கோ நிரம்ப உண்டு. கேட்க வேண்டியவர்கள் நாம். நாமோ “ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை” என்று சும்மா இருக்கிறோம்!

அதே இந்தியாவிலே நடந்ததை அறிய வேண்டும். ஆதார் அட்டையை எதிர்த்து 2012இல் வழக்குத் தொடுத்தவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி. அந்த வழக்கிலே 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டெம்பரிலே ஆதார் திட்டத்தை நிலைநாட்டிய அதே நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்பதற்கு இடந்தந்த பிரிவை வெட்டி வீசியது. முதுமையிலே ஓய்வாக இருக்க வேண்டிய ஒருவர் “எனக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று இருந்திருந்தால் இத்தீர்ப்பு வந்திருக்குமா?

எமது நாட்டுச் சட்டத்தின் கதையைக் கேளுங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. உன்னைப் பற்றிய விவரத்தை எதற்காக எடுத்தேன் என்று சொல்ல வேண்டும்; அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்; பிழையிருந்தால் திருத்த வேண்டும்; மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் என்று நல்ல நல்ல வாசகங்கள் அதிலே உண்டு. ஆனால் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சிலே நடைமுறைக்கு வரும் என்று நாள் குறித்தார்கள். நாள் நெருங்கியதும் பிற்போட்டார்கள். பின்னர் திருத்தம் என்றார்கள். தேசிய பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு என்ற பெயரிலே விதிவிலக்குக்கும் கதவு வைத்திருக்கிறார்கள். தேசிய பாதுகாப்பு என்ற அந்தக் கதவு வழியாக வன்னிக்குள் எவையெவை நுழைந்தன என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இதற்கு நேர்மாறாக நிகழ்நிலைக் காப்புச் சட்டம்! 2023 செப்டெம்பரிலே வர்த்தமானியில் வந்தது. 2024 ஜனவரியிலே நாடாளுமன்றத்திலே நிறைவேறியது. பெப்ரவரி முதலாம் நாள் சட்டமாயிற்று. குடிமகனின் விவரத்தைக் காக்கும் சட்டம் ஆண்டுக்கணக்காக நொண்டுகிறது. குடிமகனின் வாயைக் கட்டும் சட்டம் ஐந்தே மாதத்திலே ஓடி வருகிறது. இந்த வேகத்தையும் அந்த மந்தத்தையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பார்த்தால் அரசாங்கத்தின் மனம் புரியும்.

முகநூலிலே எழுதுவதால் என்ன வந்துவிடும் என்போருக்கு ஓர் உதாரணம். கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் றம்சி றாசிக். முஸ்லிம் மக்கள்மீது பரப்பப்படும் வெறுப்பை எழுத்தினாலே, கருத்தினாலே எதிர்க்க வேண்டும் என்று 2020 ஏப்ரலிலே முகநூலில் எழுதினார். கைது செய்யப்பட்டார்; மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்தார். அந்தக் கைது சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரிலே. நீதி கிடைக்க மூன்றரை ஆண்டுகள்! 2018 மார்ச்சிலே திகனையில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தபோது வெறுப்பைப் பரப்பியவர்களுக்கும் இதே முகநூல்தான் மேடையாக இருந்தது; தன் தளம் அவ்வாறு பயன்பட்டதற்கு அந்த நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. எரித்தவனுக்கும் எழுதியவனுக்கும் ஒரே தளம். அகப்படுபவன் எவன் என்பதை வாசகரே கண்டுகொள்க.

அரசாங்கத்தையும் பெரு நிறுவனங்களையும் திட்டுவது எளிது. நம்மவர் செய்வதைச் சொல்லாமல் விடமுடியாது. வன்னியிலே இப்போது ஒரு புதுத் தொழில் கிளம்பியிருக்கிறது. கமராவும் கையுமாக ஓர் இளைஞர் ஏழைப் பெண்ணின் குடிசைக்குள்ளே நுழைவார். அடுப்பைக் காட்டுவார், அடுப்பில் ஏதுமில்லை என்பதைக் காட்டுவார். “அம்மா, கணவர் எப்படி இறந்தார்? பிள்ளைக்குச் சாப்பாடு என்ன கொடுத்தீர்கள்?” என்று கேட்டு, அவள் அழும்வரை காத்திருந்து, அழுததும் கமராவை முகத்தருகே கொண்டுபோவார். பருவமடைந்த மகளையும் முன்னே நிறுத்துவார். பின்பு யூடியூப்பிலே ஏற்றுவார். இலண்டனிலும் டொரண்டோவிலும் இருந்து பணம் வரும். அவளுக்கு ஓர் அரிசி மூட்டை. அவருக்கு விளம்பர வருமானம்! புலம்பெயர்ந்த அன்பர்களே, உங்கள் இரக்கத்தை மதிக்கிறோம். ஆயினும் கொடுக்கும் கை பெறும் முகத்தை உலகத்துக்குக் காட்டித்தான் கொடுக்க வேண்டுமா? அந்தப் பெண் பிள்ளை நாளை பள்ளிக்கூடம் போக வேண்டாமா? திருமணம் பேச வேண்டாமா? “அவர்கள் சம்மதித்தார்கள்” என்பது வாதமாம். பசித்தவனிடம் சோற்றைக் காட்டி வாங்கிய சம்மதத்துக்கும், முகாமிலே தண்ணீருக்கு முன் எடுத்த பதிவுக்கும் என்ன வேறுபாடு? முட்கம்பிதான் இல்லை.

இனி, இந்தச் செயலிகளை எழுதுவோர், எழுதப் போவோர் யார்? நம் பிள்ளைகள்! கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அங்கே கணினிப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டிலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று; அங்கும் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். இவர்களிற் பலர் முகாமிலே குழந்தைகளாக இருந்தவர்கள். குடும்ப அட்டையிலே பெயராகவும் எண்ணாகவும் இருந்தவர்கள். அவர்களே இன்று கணினி முன் அமர்ந்து படிவம் வரைகிறார்கள்: பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், தாயின் பெயர், இருப்பிடம். “எதற்குத் தம்பி இத்தனை?” என்றால், “பிறகு உதவும் ஐயா, இருக்கட்டும்” என்கிறார்கள்! பிறகு உதவும் என்று சேர்த்தவைதான் பிறகு உதைக்கின்றன.

நெல் விலை அறிவிக்கும் செயலிக்கு நெல்லின் விலை போதும். கமக்காரரின் தாயார் பெயர் வேண்டாம். மழை சொல்லும் செயலிக்கு ஊர்ப் பெயர் போதும். அவர் நிற்கும் வரம்பு வேண்டாம். தொலைபேசிக்குள்ளேயே வைத்திருக்கக்கூடியதைக் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றுமதி செய்ய வேண்டாம். வேலை முடிந்ததும் அழிக்கும் நாளையும் எழுதும்போதே எழுதிவிட வேண்டும். சம்மதம் கேட்கும் பக்கத்தைத் தமிழிலே, பத்து வரியிலே, ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசித்து விளக்கக்கூடியதாக எழுத வேண்டும். மேலாளர் மறுத்தால் அவரோடு வாதாட வேண்டும். பொறியியலாளன் கட்டிய பாலம் இடிந்தால் அவனைக் கேட்கிறோம். இவர்கள் கட்டியது இடிந்தால் மட்டும் “நான் சொன்னதைத்தான் எழுதினேன்” என்று தப்புவதா? சம்பளம் குறையும், வேலை போகும் என்பார்கள். உண்மையே, அந்தச் சங்கடத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆனால் இந்த மண்ணிலே பிறந்தவனுக்குத் தெரிந்ததை வேறெங்கோ பிறந்த மேலாளர் எப்படி அறிவார்? சொல்ல வேண்டியவன் நீதானே தம்பி!

பதிவேடு வேண்டாம் என்றா சொல்கிறோம்? அல்ல, அல்ல! கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியிலே 2017 பெப்ரவரி 20ஆம் நாள் தாய்மார் அமர்ந்தார்கள். கையளிக்கப்பட்ட, சரணடைந்த பிள்ளைகளின் பட்டியலைத் தாருங்கள் என்று கேட்டார்கள். ஆண்டுகள் உருண்டன. கேட்ட தாய்மாரிற் பலர் விடை காணாமலே கண்மூடினர். பட்டியல் வரவில்லை. குடிமகனின் கருவிழி வரையும் எண்ணிக் காக்க வல்ல அரசாங்கத்துக்கு, தன் கையிலே ஒப்படைக்கப்பட்டவனின் பெயர் மட்டும் எங்கே போயிற்றோ! காணிக் கதையும் இதுவே. 2025 மார்ச்சிலே வடமாகாணத்திலே ஆயிரக்கணக்கான ஏக்கரைக் குறித்து வர்த்தமானி அறிவித்தல் வந்தது: மூன்று மாதத்துக்குள் உரிமையை நிறுவுங்கள், இல்லையேல் அரச காணி! உறுதிப் பத்திரத்தை இடப்பெயர்விலே தொலைத்தவன் எதைக் கொண்டு நிறுவுவான்? உயர் நீதிமன்றம் 2025 ஜூனிலே இடைக்காலத் தடை விதித்ததால் மூச்சு வந்தது. எமக்கு வேண்டிய ஏடு அவர்களிடம் இல்லையாம். அவர்களுக்கு வேண்டிய ஏட்டை மட்டும் நாம் நிரப்ப வேண்டுமாம்!

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசாங்கத்தின் அலுவல் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் கருத்து. எரிபொருள் அட்டையின் விவரங்கள் என்னவாயின என்று ஒரு விண்ணப்பம் எழுத அரைத்தாள் போதும். சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், கமநல உத்தியோகத்தர்கள் எத்தனையோ பேர் நம்மிடையே உள்ளார்கள். ஆளுக்கொன்று எழுதட்டும். விண்ணப்பத்தைத் தமிழிலே எழுதுக. விடையையும் தமிழிலேயே கேட்க.

கமக்காரப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. இரணைமடுவிலே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த நாள் துருசு திறப்பது என்பதைக் கூட்டம் கூட்டித் தீர்மானிக்கிறீர்கள். தனியொருவன் போய்த் துருசைத் திறந்தால் ஊரே திரண்டு வரும். வருகிற சிறுபோகக் கூட்டத்திலே நீர்ப்பங்கு பேசி முடிந்ததும், இந்தச் செயலியை இறக்குங்கள், அந்த இணைப்பிலே அடையாள அட்டைப் படத்தை அனுப்புங்கள் என்று எவரேனும் அறிவிக்கலாம். எழுந்து கேளுங்கள்: எதற்காக, எவரிடம், எந்த நாள் வரைக்கும்? விடை கூட்டக் குறிப்பிலே எழுதப்பட்டு வாசிக்கப்படும்வரை தொலைபேசி மடியிலேயே இருக்கட்டும்.